மாத்திரை வாங்கப் போனால் போன் நம்பர் எதற்கு?

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள். மருந்துக் கடையில் மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும். பணத்தை நீட்டுவதற்குள் கடைத் தம்பி கேட்கிறான்.

"நம்பர் சொல்லுங்க்கா."

"எதுக்கு தம்பி நம்பரு?"

"பில்லுக்குத்தானுங்க. டிஸ்கவுன்ட்டும் வரும்."

பத்து எண்ணையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு வருகிறோம். பின்னால் நிற்பவர்கூட எழுதிக்கொள்ளலாம், அவ்வளவு சத்தம்! 'வீட்டுல யாருக்குங்க சர்க்கரை?' என்று பக்கத்து வீட்டம்மா கேட்டால் மட்டும், 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்று மழுப்புவோம்.

யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஏறுவது வெறும் நம்பர் அல்ல. அதன் பக்கத்தில் மருந்தின் பெயர், எண்ணிக்கை, தேதி எல்லாம் இருக்கிறது. மெட்ஃபார்மின் என்றால் பெரும்பாலும் சர்க்கரை. தைராக்சின் என்றால் தைராய்டு. நாலு மாத பில்லை வரிசையாக வைத்தால், உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று ஊகிக்க டாக்டர் தேவையில்லை. 'மாத்திரை தீரப் போகிறது' என்று நினைவூட்ட இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் கடையைத் தாண்டிப் போனால்?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மாமனாருக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கும்போது அவருடைய நம்பரையே கொடுத்தேன். கொஞ்ச நாளில் அவர் போனில் ஒரே விளம்பரம். 'சர்க்கரையை வேரோடு விரட்டும் சூரணம்!' கடையிலிருந்துதான் நம்பர் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மனுஷன் அதை நம்பி, யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். தலைசுற்றல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விஷயமே வெளியில் வந்தது. சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. மாயத் தீர்வு விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் அது. சுவரொட்டி என்றால் ஊரே பார்க்கும், யாராவது புகார் கொடுப்பார்கள். போனுக்குள் வரும் விளம்பரத்தை நோயாளி மட்டும்தானே பார்க்கிறார்?

பெரிய நிறுவனம் என்றால் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்களின் விவரங்கள் 2024-ல் திருடப்பட்டு, டெலிகிராமில் கேட்பவர்களுக்கெல்லாம் கிடைத்தன. பெயர், முகவரி மட்டுமல்ல, பரிசோதனை முடிவுகளும் அதில் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை முடிவை எப்படி மாற்றுவது?

சரி, நம்பர் கொடுத்தே ஆக வேண்டுமா? வேண்டாம். போன் நம்பர் தந்தால்தான் பொருள் என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. வற்புறுத்தினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை வகைகளுக்கு மட்டும் நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் கடையில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2014 முதல் இருக்கிறது. அதைக் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். அந்த விதியிலும் உங்கள் போன் நம்பர் கேட்கப்படவில்லை.

அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆனது. அதிலும் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம்! ஆகவே சட்டத்தை மட்டும் நம்பிச் சும்மா இருக்க முடியாது.

உங்கள் போனிலிருந்து 1909-க்கு START 0 என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினால் விளம்பர அழைப்புகளும் செய்திகளும் பெருமளவு குறையும். பிறகும் வந்தால் 7 நாளுக்குள் அதே எண்ணில் புகார் கொடுங்கள். ஆனால் ஒன்று. நீங்களே ஒரு படிவத்தில் 'சம்மதம்' என்று டிக் அடித்திருந்தால் அந்தக் கம்பெனி அனுப்பத்தான் செய்யும். ஜவுளிக்கடையில் குலுக்கல் கூப்பன் நிரப்புகிறோமே, அதன் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் வருவதற்கு இந்த 1909 உதவாது. ஒவ்வொன்றாக 'பிளாக்' செய்ய வேண்டியதுதான். பெரியவர்களுக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

போன மாதம் அதே கடைக்குப் போனேன். "நம்பர் இல்லாம பில் போடு தம்பி" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவனோ, "அதுக்கென்னங்க்கா" என்று 9-ஐ மட்டும் பத்துத் தடவை தட்டினான். பில் வந்துவிட்டது.