புஷ்பக் கண்காட்சியும் கடலோரத் தோட்டமும்

தோட்டச் சங்கத்தார் ஒரு நாள் பிரயாணமாகப் புஷ்பக் கண்காட்சிக்குச் சென்று வருவது வெறும் வேடிக்கையன்று. தக்கபடி நடத்தினால் அது ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒப்பாகும். தவறினாலோ, கைப்பணம் கொடுத்து வாங்கிய செடிகள் ஒரு மாதத்துக்குள் கருகிப்போக, தோட்ட வேலையிலேயே வெறுப்பு உண்டாகும். திருவள்ளூர் ஜில்லாவில் எண்ணூருக்கு வடக்கே, ஒரு புறம் வங்காள விரிகுடாவும் மறு புறம் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழிகளுமாக அமைந்த காட்டுப்பள்ளி போன்ற மணற்பாங்கான இடங்களுக்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமானது.

கண்காட்சிகளின் வரலாறு

சென்னையில் விவசாய தோட்டக்கலைச் சங்கம் 1835-ஆம் வருஷத்திலேயே ஸ்தாபிக்கப்பட்டது. உதகமண்டலத்தில் அரசாங்கத் தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கப்பெற்றது. அவ்வூரின் புஷ்பக் கண்காட்சி 1896 முதல் நடைபெற்று வருகிறது. சென்னை நகரத்தில் தோட்டக்கலை இலாகாவினர் 2022-ல் கலைவாணர் அரங்கத்திலும், 2024, 2025 வருஷங்களில் கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவிலும் மலர்க் கண்காட்சி நடத்தினர். இதனால் மலையேறிச் செல்ல வசதியில்லாத கிராமவாசிகளும் ஒரே நாளில் கண்டு திரும்புதல் எளிதாயிற்று. துறைமுக லாரிகள் மிகுந்த சாலையாதலால், காட்டுப்பள்ளிப் பக்கத்தார் விடியற்காலையில் புறப்படுவதே நலம்.

காட்சியில் காணப்படாதவை

கண்காட்சியில் விளங்கும் செடிகளிற் பெரும்பாலானவை அங்கே வளர்ந்தவையல்ல. நிழல்வலையின் கீழ், நல்ல நீரில், தேர்ந்தெடுத்த மண்கலவையில் வேறிடத்தில் வளர்க்கப்பட்டு, பூக்கும் தருணத்தில் தொட்டியோடு கொண்டுவரப்பட்டவை. மலைப்பூக்களுக்கு வேண்டிய குளிர்ச்சி கடற்கரையில் இல்லை. மார்கழி, தை மாதங்களில் சமவெளியிலும் பூக்கும் பெட்டூனியா போன்றவை சித்திரை வெயிலில் பட்டுப்போம். ஆகவே, செடியின் அழகைக் காண்பதோடு நில்லாமல், அது எந்த மண்ணில், எந்த நீரில், எந்த மாதத்தில் வளர்க்கப்பட்டது என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுதல் அவசியம்.

உப்பின் தீமை

கடலோர மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைக் காட்டிலும் கனம் குறைந்ததாகையால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கிணற்றை மிக ஆழமாக்கினாலும், மோட்டாரால் விடாது இறைத்தாலும், அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறிவிடும். அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைக்கப்பட்டதன் பயனாக, நிலத்தடியில் கடல்நீர் உட்புகுவது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்க நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சக்தியுள்ள ஆலை காட்டுப்பள்ளியில் 2010-ல் திறக்கப்பட்டது. எனினும் அது குடிநீருக்காக ஏற்பட்டதேயன்றித் தோட்டத்துக்கன்று.

உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருந்தும் வேர் அதை உறிஞ்ச மாட்டாது. இலையின் ஓரங்கள் தீய்ந்து காணும். இதனைச் சத்துக்குறைவென்று எண்ணி ரசாயன உரம் இடுவோர் பலர். அவ்வுரமும் ஒருவகை உப்பேயாகையால், நோய் தணியாது மிகும்.

புறப்படுமுன் செய்யவேண்டியது

ஆகையால் பிரயாணத்துக்கு முன்பே சங்கத்தார் தத்தம் கிணற்று நீரை மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் குறைந்தால் அச்சமில்லை, 0.7 முதல் 3 வரையில் செடியைத் தேர்ந்து வைக்கவேண்டும். 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. இந்த எண்ணைக் கையில் குறித்துக்கொண்டு செல்பவர் விற்பனையாளரின் பேச்சில் மயங்கார்.

வாங்கத் தக்கவை

ரோஜா உப்பைச் சிறிதும் பொறுக்காது. மழைநீரைச் சேமித்து ஊற்றக் கூடியவரே அதனை வாங்கலாம். அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி ஆகியவை உப்புக்காற்றையும் மணலையும் தாங்கி வளரும். அரளியும் நித்தியகல்யாணியும் நஞ்சுடையனவாதலால், ஆடுமாடுகளுக்கும் குழந்தைகளுக்கும் எட்டாதபடி வைத்தல் வேண்டும். எச்செடியாயினும், பூ நிறைந்ததை விட்டு, மொட்டும் புதுத்தளிரும் உள்ளதையே தெரிந்துகொள்க. இலையின் அடிப்புறத்தில் மாவுப்பூச்சி உண்டா என்று பார்த்தல் அவசியம். ஒட்டுச்செடியாயின், ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே கிளைக்கும் தளிர்களைக் கிள்ளிவிடவேண்டும்.

திரும்பிய பின்பு

வாங்கிய செடிகளை ஒரு வாரம் நிழலில், பழைய செடிகளுக்கு விலக்கி வைத்தல் நன்று. மணலோடு மக்கிய எருவும் வண்டல்மண்ணும் கலந்து குழி நிரப்பி, ஐப்பசி மழை தொடங்குகையில் நட்டால், மழையே உப்பை வேருக்குக் கீழே கழுவிவிடும். கோடையில் தென்னைநார்க் கழிவாலோ சருகாலோ மண்ணை மூடிவைத்தால், ஈரம் ஆவியாகி உப்பு மேலே படிவது குறையும். கடற்காற்று வீசும் திசையில் சவுக்கு அல்லது புன்னையை வரிசையாக நட்டால், பின்னுள்ள பூச்செடிகளுக்கு அது அரணாகும்.

இவற்றைச் சங்கத்தின் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொரு செடியும் பிழைத்ததா, பட்டதா என்று ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தல் வேண்டும். அக்கணக்கே அடுத்த வருஷத்துக் கண்காட்சிக்குச் செல்வோர்க்குச் சிறந்த வழிகாட்டியாகும்.