உஷார்! ரத்தத்தைப் பார்த்த கோழி விடாது

சந்தையில் வாங்கிய கோழியைச் சாக்கிலிருந்து நேராகப் பழைய கோழிகளுக்கு நடுவே உதறிவிடப் போகிறீர்களா? வேண்டாம். "நாலு நாள் அடிச்சுக்கும், அப்புறம் தானா சேர்ந்துக்கும்" என்று ஊரில் சொல்வது பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் கோழி செத்துக் கிடக்கும்.

கோழிகளுக்குள் யார் மேலே, யார் கீழே என்ற வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். மேலே இருப்பது கொத்தும். கீழே இருப்பது ஒதுங்கிக்கொள்ளும். ஒன்றையொன்று தெரிந்த கூட்டத்தில் ஒரு முறைப்பிலேயே காரியம் முடிந்துவிடும். புதிதாக ஒன்று நுழைந்தால் கணக்கை முதலிலிருந்து போட்டாக வேண்டும். அப்போது நாலு கொத்து விழும், கொஞ்சம் துரத்தல் நடக்கும். அதற்கெல்லாம் குறுக்கே போகாதீர்கள்.

ரத்தம் தெரிந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிவப்பு நிறம் கோழியின் கண்ணை இழுக்கும். ஒன்று கொத்திய இடத்தை இன்னொன்று கொத்தும், பிறகு கூட்டமே கூடிவிடும். வாலடியில் இறகு உதிர்ந்து தோல் தெரிகிற கோழியைக் காலையில் பார்த்துவிட்டு, சாயங்காலம் மருந்து போட்டுக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. சாயங்காலம் மருந்துக்கு வேலையே இருக்காது.

இதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்கிறது. முதல் முட்டை வைக்கும் வெடைக்கோழிக்கு, முட்டை வெளியேறியதும் பின்துவாரத்தின் உள்சதை சற்று நேரம் சிவந்து, ஈரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வெட்டவெளிச்சத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி முட்டையிட வைத்தால் மற்றவை அதைத்தான் கொத்தும். கொத்தி இழுத்தால் குடல்வரை வந்துவிடும். முட்டையிடும் இடம் இருட்டாக, ஒதுக்குப்புறமாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒரு பழைய கூடையில் வைக்கோல் போட்டு, மேலே சாக்கைத் தொங்கவிட்டால்கூடப் போதும்.

கலப்பு மந்தையில் ஆபத்து இரட்டிப்பு. அசில் சண்டைக்கென்றே வளர்த்தெடுத்த இனம்; அதன் பெட்டைகூடச் சளைக்காது. அதோடு சாதுவான வனராஜாவையோ, அழகுக்கு வாங்கிய சில்க்கியையோ ஒரே கூண்டில் அடைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. கின்னிக்கோழியும் கோழிகளைத் துரத்தும். குஞ்சுகளைப் பெரியவற்றோடு சேர்ப்பதானால், அவை ஏறக்குறைய அதே அளவுக்கு வளரும்வரை பொறுங்கள்.

சேர்க்கத்தான் வேண்டும் என்றால், முதலில் மூன்று நான்கு வாரம் தனி இடம், தனித் தண்ணீர். சந்தைக் கோழி வெள்ளைக்கழிச்சலையும் கூட்டிக்கொண்டு வரலாம். நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் புதியதை விட்டு, பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே பகலில் ஒரு வாரம் வையுங்கள். பார்க்கலாம், கொத்த முடியாது. பஞ்சாரத்தைப் பரணில் போட்டுவிட்டுக் கம்பிவலைக்குக் காசு செலவழிக்க என்ன அவசியமோ! ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பிரிந்து விழும். ராத்திரி இருட்டில் கூண்டுக்குள் நைஸாக விட்டுவிடும் தந்திரமும் இருக்கிறது. ஆனால் விடிந்ததும் கச்சேரி தொடங்கும். விடியற்காலையில் எழுந்து நிற்க முடிந்தவர்கள் மட்டும் செய்யுங்கள்.

அடி வாங்கும் கோழி சத்தம் போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மூலையில் நிற்கும், கடைசியாகத் தின்ன வரும், ராத்திரி கம்பில் ஏறாமல் தரையில் படுக்கும். பொழுது சாய்ந்ததும் பிடித்து, கழுத்தடியில் இரை தங்கும் பையைத் தடவிப் பாருங்கள். வயிறாரத் தின்ற கோழிக்கு அது எலுமிச்சம்பழம்போல் உருண்டு நிற்கும். தட்டையாகத் தொங்கினால் மற்றவை அதைத் தின்ன விடவில்லை என்று சந்தேகப்படுங்கள். உடனே இன்னும் இரண்டு இடத்தில் தீவனத் தட்டும் தண்ணீரும் வையுங்கள்.

எல்லாவற்றையும் கோழியின் குணம் என்று தள்ளிவிடவும் முடியாது. வெறும் குருணையும் சோளமும் போட்டு வளர்த்தால் புரதம் பத்து சதவீதத்தைத் தாண்டுவதே கஷ்டம். முட்டைக்கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும். இறகே பெரும்பாலும் புரதம்தான் என்பதால் பற்றாக்குறை வந்தால் கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கித் தின்னும். பழைய பானையில் சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்துவைத்துக் கறையான் பிடித்துக் கோழிக்குப் போடும் பழக்கம் இன்னும் பல கிராமங்களில் இருக்கிறது. அதைவிட மலிவான புரதம் கிடையாது. உப்புக் குறைந்தாலும் கொத்தும் என்று கேள்விப்பட்டு, தண்ணீரில் கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மிஞ்சினால் கோழிக்கு அது விஷம். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் பகலெல்லாம் அடைத்துவைப்பதும் சண்டையை மூட்டும். கூண்டுக்குள் கோழிக்கு நான்கு சதுர அடி, வெளியே எட்டு முதல் பத்து சதுர அடி இடம் கொடுங்கள். ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும்.

காயம்பட்டதை உடனே தனியே எடுங்கள். பெட்டாடினைத் தண்ணீரில் கலந்து கழுவி, சிவப்பு தெரியாதபடி ஊதா மருந்தைத் தடவுங்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், அதனால் காயத்தைத் தினமும் பாருங்கள். குடல் தள்ளியிருந்தாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள். தோல் மூடி ஆறும்வரை திரும்ப விடாதீர்கள். விடும்போது அதையும் புதுக்கோழியாகவே நினைத்துப் பஞ்சாரத்திலிருந்தே தொடங்குங்கள்.

கொத்திய ரவுடியையும் சும்மா விட வேண்டாம். நாலைந்து நாள் மந்தையின் கண்ணில் படாத இடத்தில் அடையுங்கள். திரும்பி வரும்போது அதன் இடத்தை வேறொன்று பிடித்திருக்கும், கொட்டம் பெரும்பாலும் அடங்கும். இரண்டாவது முறையும் அடங்காதது சேவலாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தால் போதும்.