அழைத்துச் செல்ல ஒரு கை

எரிகோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவை நாம் நற்செய்தியில் கண்டிருக்கிறோம். அவர் கூவியபோது கூட்டத்தினர் அதட்டினர். இயேசுவோ நின்று, அவரை அழைக்கச் சொன்னார். அதட்டிய கூட்டமே அவருக்குத் துணிவு கூறி அழைக்க வேண்டியதாயிற்று. பார்வை தருபவர் அருகில் இருந்தாலும், அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும் அன்றோ! இவ்வுண்மையை அனுபவத்தில் கண்டது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை.

அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாத நோயால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 2006இல் அவர் மறைந்தார். இன்று தமிழ்நாட்டின் பல நகரங்களிலும் புதுச்சேரியிலும் திருப்பதியிலும் அரவிந்த் மருத்துவமனைகள் இயங்குகின்றன.

முதியோரின் பார்வையைப் பறிப்பதில் முதலிடம் கண்புரைக்கே. "கண்ணில் சதை வளருது" என்று நம் ஊரில் சொல்வார்கள். உண்மையில் சதை எதுவும் வளர்வதில்லை. கண்ணுக்குள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டிய வில்லை வயதானதும் மங்கிவிடுகிறது. அதை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை திரும்பும். மருந்தால் இது கரையாது.

வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. ஆகவே 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் அமைத்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலையில் வில்லைகளைச் செய்தனர். அவை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

இங்கு நடைபெறும் அறுவைகளில் ஏறத்தாழ பாதி இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ செய்யப்படுகின்றன. பணம் செலுத்துவோர் தரும் கட்டணமே ஏழைகளின் செலவையும் தாங்குகிறது. ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை, செலவும் குறைகிறது.

ஆயினும் இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை! பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு ஆளின்மை, அச்சம் ஆகியவை தடுத்தன. எனவே கிராமந்தோறும் முகாம் நடத்தி, அங்கிருந்தே நோயாளிகளைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, ஊரில் கொண்டுவந்து விட்டனர். முகாமுக்கு இடமும் விளம்பரமும் தந்தவை உள்ளூர் அரிமா சங்கங்களும் பள்ளிகளும் போன்ற அமைப்புகளே. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களும் தோன்றின. அங்குள்ள உதவியாளர் கண்ணைப் பரிசோதிக்க, தொலைவிலிருக்கும் மருத்துவர் இணையம் வழியே ஆலோசனை கூறுகிறார்.

அந்த உதவியாளர்கள் யார்? நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்! மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகின்றனர். பார்வையைச் சோதிப்பது, அறுவை அறையில் துணை நிற்பது, அஞ்சும் பாட்டிக்கு ஆறுதல் கூறுவது எல்லாம் இவர்கள் பொறுப்பே.

குன்னம் பகுதியில் பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் உழைத்து ஓய்ந்த நம் அப்பாயிகளும் அம்மாயிகளும், "வயசாயிடுச்சு, இனி பார்த்து என்ன ஆவப் போவுது?" என்கிறார்கள். அச்சொல்லின் பின்னே இருப்பது பெரும்பாலும் அச்சமும், பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாதே என்ற கூச்சமுமே. பெரம்பலூரில் அரசு மருத்துவமனை உண்டு. திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை உண்டு. மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள். கைப்பிடித்து அழைத்துச் செல்லத்தான் ஆள் வேண்டும்.

தோழியரே, இந்த விடுமுறையில் பாட்டியிடம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நம் விரல்களை எண்ணச் சொல்வோம். எண்ணத் தடுமாறினால் பெற்றோரிடம் சொல்லி, நாமும் துணையாகப் புறப்படுவோம். பேத்தியின் முகத்தைத் தெளிவாகக் காணும் மகிழ்ச்சியை அவர்களுக்கு அளிப்போம்!