ஈரலைக் கணிக்கும் கணினியும் உப்பளத்து உடம்பும்

ஈரல் கெடுவது வெகுகாலம் வெளியே தெரியாது. வயிற்றில் நீர் கோத்துக் கண் மஞ்சளிக்கும்போது ஈரலில் தழும்பு ஏறிப்போயிருக்கும். 2009இல் வெளியான ஆய்வொன்றில் சென்னைவாசிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. இத்தனை பேரையும் ஈரல் மருத்துவர் பார்க்க முடியாது. யாரை முதலில் அனுப்புவது என்று பொறுக்கித்தரத்தான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. ஆயிரக்கணக்கான ரத்த முடிவுகளையும் ஸ்கேன் படங்களையும் படித்து, எவையெல்லாம் சேர்ந்தால் தழும்பு இருக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்னோடி 2006இல் வந்த ஃபிப்-4 கணக்கு. வயதை ரத்தத்தில் உள்ள எஸ்ஜிஓடி என்ற நொதியின் அளவால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையாலும் எஸ்ஜிபிடி என்ற இன்னொரு நொதியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். விடை 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 2.67ஐத் தாண்டினால் மேல்சோதனை வேண்டும்.

எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் சேர்ந்திருந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிறந்த கணக்கு இது. பிறகு மற்றவர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழ் எல்லையை 2 ஆக உயர்த்த வேண்டியிருந்தது. யாரைப் பார்த்துக் கற்றதோ அவர்களுக்குத்தான் எந்தக் கணிப்பும் முதலில் பொருந்தும். விழுப்புரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள மரக்காணம் உப்பளங்களில் இது சிறிய விஷயமல்ல. கோடை வெயிலில் பாத்தியில் உப்பு வாரி, சுமந்து, குவிக்கிறவர்களின் தசைகள் ஓயாமல் உழைக்கின்றன. எஸ்ஜிஓடி ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. கடும் உழைப்புக்குப் பின் ரத்தத்தில் அது கூடும். நல்ல ஈரல் உள்ளவரையும் கணக்கு சந்தேகப்பட்டுப் புதுச்சேரிக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். அவருக்கு அன்றைய கூலி போகும். மறுபக்கம், நம்மவர்களுக்கு உடல் பருக்காமலே ஈரலில் கொழுப்பு சேர்வதுண்டு. பருத்த உடல்களையே பார்த்துப் பழகிய கணினி, மெலிந்த தொழிலாளியை நலம் என்று கடந்துபோகக்கூடும். இந்தப் பிழைதான் எனக்கு அதிகம் அச்சம் தருகிறது, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது.

முதலில் மருத்துவர் வரட்டும், பிறகு கணினி என்பார்கள். நியாயமான கோரிக்கைதான், ஆனால் மருத்துவர் குறைவாக இருக்கும் இடத்தில்தான் அவருடைய நேரம் சரியான ஆளுக்குப் போய்ச்சேர வேண்டும். கணினியை நம்பினால் கைத்திறன் மழுங்கும் என்ற எதிர்வாதம் இன்னும் வலுவானது. 2025இல் வெளியான போலந்து ஆய்வில், கணினித் துணையோடு குடல் உள்நோக்குச் சோதனை செய்து பழகிய மருத்துவர்கள் துணையின்றிப் பார்த்தபோது, கட்டிகளைக் கண்டறிந்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆகக் குறைந்தது. அதனால்தான் நோயை முடிவுசெய்யும் வேலையை இங்கே கணினியிடம் விடக்கூடாது. ஈரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் சோதனைக்கு யார் முதலில் என்ற வரிசையோடு அது நிற்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கே ஈரல் கொழுப்பும் அதிகம். அவர்களுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் பார்த்து, என்ன வேலை செய்கிறார், ரத்தம் எடுக்கும் முன் எத்தனை நாள் ஓய்வில் இருந்தார் என்ற இரண்டையும் பதிவேட்டில் சேர்த்தால், இந்தக் கரையின் உடம்பைக் கணினி கற்கத் தொடங்கும்.