இணைய விளம்பரங்களில் செயலழைப்புத் தொடர்கள்: ஏவலும் வியங்கோளும்

இணையவழி வணிகத்தில் விளம்பரத்தின் பயன் பெரும்பாலும் அதன் இறுதியில் நிற்கும் ஒரு சிறு தொடரைச் சார்ந்துள்ளது. 'வாங்குக', 'பதிவு செய்யவும்', 'இங்கே சொடுக்கவும்' எனப் பொத்தான்களின்மேல் எழுதப்படும் இவற்றைச் செயலழைப்புத் தொடர்கள் எனக் குறிப்பிடுவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவை ஆங்கிலத்திலிருந்தோ மலாயிலிருந்தோ பெயர்க்கப்படுவதுண்டு. அப்போது மூலமொழியில் இல்லாத ஓர் இலக்கணச் சிக்கல் தமிழில் எழுகின்றது.

ஆங்கிலத்தின் 'பை நவ்', மலாயின் 'பெலி செகாராங்' ஆகிய இரண்டிலும் வினையடி தனித்தே நிற்கிறது. கேட்பவர் சிறுவரா பெரியவரா, ஒருவரா பலரா என்பதை அது காட்டுவதில்லை. தமிழிலோ 'வாங்கு' என்பது ஒருமை ஏவல். அறிமுகமில்லாத பெரியவரிடம் அவ்வாறு கூற எவரும் துணியார். 'வாங்குங்கள்' என்பதில் மரியாதையும் பேச்சின் நெருக்கமும் உண்டு. 'வாங்குக' என்னும் வியங்கோளில் ஒருமை, பன்மை வேறுபாடே இல்லை. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். ஐம்பால் மூவிடத்திற்கும் அது பொது என்றார் நன்னூலார். படிப்பவரையே நோக்கிப் பொத்தானில் 'வாங்குக' என எழுதும் நாம் நன்னூலார் வழியில் நிற்கிறோம். 'செய்யவும்' என்னும் வடிவம் அறிவிப்புப் பலகையிலும் தேர்வுத்தாளிலும் பழகியது. வணிக அழைப்பில் அது அலுவலகக் குரலாகவே ஒலிக்கும். எனவே, விளக்கப் பகுதியில் 'உங்கள்' ஈற்று வடிவமும் பொத்தானில் வியங்கோளும் பொருந்தும் என்பது நம் கருத்து.

சொல்வரிசையும் நோக்கத்தக்கது. தமிழில் வினை இறுதியில் வருவதால், 'இலவசக் கையேட்டைப் பதிவிறக்குக' என்னும்போது பெறும் பயன் முன்னும் செய்யவேண்டியது பின்னுமாக அமைகின்றன. இது விளம்பரத்திற்கு உகந்த வரிசையே. ஆயினும், கைப்பேசித் திரையில் நீண்ட தொடர் வெட்டுப்படும்போது முதலில் மறைவது வினைதான். ஆகவே 'பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்' என நீட்டுவது நன்றன்று.

'இங்கே சொடுக்கவும்' என்பது விரலின் வேலையைக் கூறுகிறதேயன்றி, அதனால் விளைவது யாதெனக் கூறவில்லை. திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றோர் இணைப்புகளை மட்டும் தொகுத்துக் கேட்பதுண்டு. அவர்களுக்கு இத்தொடர் எதையும் உணர்த்தாது. இணைப்பின் நோக்கம் புலப்பட வேண்டும் என்பதை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி நெறிகளும் வலியுறுத்துகின்றன. (விரலும் சாட்டையும் சொடுக்கிய சொல், கணினிச் சுட்டிக்கு வந்து, இன்று தொடுதிரையில் சொடுக்க ஏதுமின்றி நிற்கிறது!)

இவை அனைத்தினும் முதன்மையானது, வினைச்சொல் படிப்பவரை எதற்கு உட்படுத்துகிறது என்பதாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணையின்படி, பணம் செலுத்தும் கடப்பாட்டை இணையவழி ஆணைப் பொத்தான் ஐயமின்றி உணர்த்த வேண்டும். தவறின் ஒப்பந்தம் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. செருமானிய விடுதி ஒன்றின் அறைப் பதிவு குறித்த வழக்கில், பொத்தானில் இருந்த தொடர் 'பதிவை நிறைவு செய்தல்' எனப் பொருள்படுவதாகும். பொத்தானில் உள்ள சொற்களை மட்டுமே கருத்திற்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 'பதிவு' என்பதற்கு ஈடான செருமானியச் சொல், அன்றாட வழக்கில் பணம் செலுத்துதலைக் கட்டாயம் குறிக்கிறதா என ஆராயும் பொறுப்பு உள்நாட்டு நீதிமன்றத்திடம் விடப்பட்டது.

இவ்வினாவைத் தமிழுக்கும் எழுப்பலாம். பள்ளியில் பெயர் சேர்ப்பதும் பதிவு; விடுதியில் அறை எடுப்பதும் பதிவு; திருமணத்திற்கும் ஒலிக்கும் அதே சொல்தான். 'பதிவு செய்க' என்னும் பொத்தானை அழுத்துபவர், இலவசமாகப் பெயர் கொடுக்கிறாரா, கட்டணத்திற்கு உடன்படுகிறாரா என்பது தொடரில் இல்லை. 'கட்டணம் செலுத்திப் பதிவு செய்க' என்பது சற்று நீளமாயினும் அவ்வையத்தை நீக்குகிறது. விளம்பரம் எழுதப் பயிற்றும் ஆசிரியர்கள் இவ்விரு தொடர்களையும் அருகருகே எழுதிக்காட்டி, எதை அழுத்தினால் பணம் கைவிட்டுப் போகும் என மாணாக்கரை வினவிப் பார்க்கலாம்.