குறையை மறைக்காத பீர்

வழக்கமான ஜெர்மன் லாகர் பீரில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்கஹால் இருக்க, அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘லைஷ்ட்பியர்’, அதாவது இலேசான பீர், 2.4 முதல் 3.6 விழுக்காடு வரை மட்டுமே ஆல்கஹால் கொண்டது. ஆல்கஹால் குறைந்தால் தயாரிப்பும் எளிதாகும் என்று தோன்றினாலும், சிறு அளவில் வீட்டிலேயே பீர் தயாரிப்போருக்கு இதுவே கடினமான சோதனை. கருமையான, வலுவான பீர்களில் வறுத்த தானியத்தின் மணமும் ஆல்கஹாலின் சூடும் சிறு பிழைகளை மூடிவிடும். வெளிறிய, மெல்லிய இந்தப் பானத்திலோ ஒவ்வொரு பிழையும் நாவில் தெரிந்துவிடும். ஜெர்மனியில் குறிப்பிட்ட அளவு வரை சொந்தப் பயன்பாட்டுக்காக வரியின்றிப் பீர் தயாரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் உரிமமின்றித் தயாரிப்பது குற்றம்.

‘லாகர்ன்’ என்ற ஜெர்மன் வினைச்சொல்லுக்குச் சேமித்து வைத்தல் என்பது பொருள். கோடையில் பீர் எளிதில் கெட்டுவிடுவதால், பவேரியாவில் 1553ஆம் ஆண்டின் ஆணை ஒன்று ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் தயாரிப்பதைத் தடை செய்தது. குளிர்காலத்தில் தயாரித்த பீரை, ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டிகளோடு நிலவறைகளில் வைத்துக் காத்தனர். அந்த நிலவறைகளின் மேல் நிழலுக்காக நட்ட செஸ்ட்நட் மரங்களின் அடியில்தான் இன்றைய பீர் தோட்டங்கள் உருவாயின. இந்தக் குளிரிலும் சளைக்காமல் இயங்கும் ஈஸ்ட், ரொட்டிக்கும் மற்ற பீர்களுக்கும் பயன்படும் ஈஸ்டும் குளிரைத் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டும் கலந்து பிறந்த கலப்பினம். அந்தக் காட்டு இனம் அர்ஜென்டினாவின் படகோனியக் காடுகளில், தெற்குப் பீச் மரங்களில் வாழ்வதை ஆய்வாளர்கள் 2011இல் அறிவித்தனர். 1870களில் கார்ல் வான் லிண்டேயின் குளிர்பதனப் பொறி மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் இயங்கத் தொடங்கியது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, அந்த நிலவறையின் வேலையை இன்று வீட்டில் செய்துவிடுகிறது.

பீருக்கு அடிப்படை மால்ட், அதாவது நீரில் ஊறவைத்து முளைகட்டி உலர்த்திய பார்லி. முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ள அமைலேஸ் என்னும் நொதிகளை உண்டாக்குகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி, சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியைவிட நீர்த்தும் சற்றே இனித்தும் இருப்பதற்கும் இந்த நொதிகளே காரணம். இருபது லிட்டர் வழக்கமான லாகருக்கு நான்கு கிலோவுக்கு மேல் மால்ட் தேவைப்பட, இலேசான பீருக்கு வெளிறிய பில்ஸ்னர் மால்ட் 2.8 கிலோ போதும். மால்ட் குறைந்தால் பானம் தண்ணீர்போல் ஆகிவிடும் என்ற இடரை வெப்பநிலையே தீர்க்கிறது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, 62 முதல் 65 டிகிரியில் பீட்டா அமைலேஸ் முனைந்து இயங்கி, ஈஸ்ட் முழுவதும் உண்ணக்கூடிய மால்டோஸ் சர்க்கரையைத் தருகிறது. 70 டிகிரியை ஒட்டி ஆல்ஃபா அமைலேஸ் மேலோங்கி, ஈஸ்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட மூலக்கூறுகளை விட்டுவைக்கிறது. எனவே 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், ஆல்கஹால் குறைவாகவும் வாயில் நிறைவாகவும் இருக்கும் பானத்துக்கு வழி பிறக்கிறது. மாற்றம் முடிந்ததா என்பதை வெள்ளைத் தட்டில் விட்ட ஒரு சொட்டுச் சாறு சொல்லிவிடும்: அதில் அயோடின் சொட்டியதும் கருநீலம் தோன்றினால் மாவுச்சத்து எஞ்சியிருக்கிறது, அயோடினின் பழுப்பு மாறாமலிருந்தால் வேலை முடிந்தது.

மால்ட் குறைவாக இருப்பதால், சக்கையில் எஞ்சிய இனிப்பைக் கழுவியெடுக்க ஊற்றும் நீரின் பங்கு கூடிவிடுகிறது. அளவு மீறிக் கழுவினால் பார்லி உமியின் டானின் கரைந்து துவர்ப்பேறும் என்பதால், வடிநீர் மிகவும் நீர்த்துப்போகுமுன் நிறுத்திவிட வேண்டும். பின்னர் சாற்றைத் திறந்த பாத்திரத்தில் 90 நிமிடங்கள் கொதிக்கவிடுகின்றனர். வெளிறிய மால்ட்டிலிருந்து பிறக்கும் டைமெத்தில் சல்பைடு, வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடை கொண்டது. அது ஆவியோடு வெளியேறவே மூடி போடுவதில்லை. பவேரியாவின் ஹாலர்டாவ் பகுதியில் விளையும் ஹாப் பூக்கள் இந்தக் கொதிப்பில்தான் தம் கசப்பைத் தருகின்றன. மெல்லிய சாற்றில் கசப்பு எளிதில் மேலோங்கிவிடும் என்பதால் ஹாப்பின் அளவையும் குறைத்தாக வேண்டும்.

சாற்றை விரைவாக 9 டிகிரிக்குக் குளிர்வித்து, லாகர் அல்லாத, வெதுவெதுப்பில் நொதிக்கும் பீருக்குத் தேவையானதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஈஸ்டைச் சேர்க்கின்றனர். நீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால், 1.032இல் தொடங்கும் சாறு இரு வாரங்களில் 1.008ஐ நெருங்கி, ஏறத்தாழ 3.1 விழுக்காடு ஆல்கஹாலை எட்டுகிறது. இதனிடையே ஈஸ்ட் வெளியிடும் ஒரு பொருள் மெல்ல டையசிட்டைலாக மாறி, உருகிய வெண்ணெயின் வாசனையைத் தருகிறது. நொதித்தல் முடியுந் தறுவாயில் வெப்பநிலையை 16 டிகிரி வரை உயர்த்தி இரண்டு மூன்று நாட்கள் வைத்தால், ஈஸ்டே அதை உறிஞ்சி மணமற்ற பொருளாக மாற்றிவிடும். இதைச் சோதிக்க, பீரை இரு சிறு குப்பிகளில் எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்துக் குளிரவிட்டு, இரண்டையும் முகர்ந்து பார்க்கின்றனர். சூடேறிய குப்பியில் வெண்ணெய் மணம் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

இதன் பின்னரே உண்மையான லாகரிங் தொடங்குகிறது. நான்கு வாரம் 0 முதல் 2 டிகிரி குளிரில் வைக்கும்போது ஈஸ்டும், புரதமும் டானினும் சேர்ந்த கலங்கலும் அடியில் படிந்து, பானம் கண்ணாடிபோல் தெளிகிறது. ஆல்கஹால் குறைந்த பானத்தில் நுண்ணுயிர்களுக்கு எதிரான காப்பும் குறைவு என்பதால், தூய்மையில் சிறு தளர்வும் கூடாது. அடர்த்தி சில நாட்கள் மாறாமல் நிற்பதை உறுதிசெய்யாமல் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தால், உள்ளே பெருகும் வாயுவால் புட்டி வெடிக்கவும் கூடும். தானியம் ஊறுவதிலிருந்து கோப்பையில் நுரை எழுவது வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவற்றில் மனிதரின் கைவேலை ஒன்றிரண்டு நாட்களே, எஞ்சிய நாட்களின் வேலை ஈஸ்டுக்கும் குளிருக்கும் உரியது.