லாரி நம்முடையது, லோடு யாருடையது?

தூத்துக்குடி மதுரை புறவழிச்சாலையில் அதிகாலை 5 மணிக்குப் போனால் பார்க்கலாம். டாரஸ் லாரிகளும் வெற்று டிரெய்லர்களும் ஓரமாக வரிசைகட்டி நிற்கும். டிரைவர்கள் டீக்கடைப் பெஞ்சில் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். புக்கிங் ஆபீஸிலிருந்து அழைப்பு வர வேண்டும். வந்தால் லோடு. வராவிட்டால் இன்னொரு பகல், இன்னொரு டீ.

1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது தூத்துக்குடி. நிலக்கரியும் மரத்தடியும் முந்திரிக்கொட்டையும் கப்பலில் வந்து இறங்குகின்றன. திருப்பூர் பனியனும் காற்றாலை இறக்கையும் கப்பலேறுகின்றன. இந்தச் சரக்கோடு நம் தெருக்களுக்கு ஒரு காலத்தில் இருந்த உறவு தலைச்சுமை மட்டும்தான். வேப்பலோடை, தருவைக்குளம், முள்ளக்காடு பக்கத்து உப்பளங்களில் உப்பு வாரினோம். லாரியில் மூட்டை ஏற்றினோம். லாரி கிளம்பியதும் வீட்டுக்கு நடந்தோம்.

பிறகு பையன்கள் கிளீனராக ஏறினார்கள். கூலியைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஊரில் 'காலனிப் பையன்' என்று அழைக்கப்பட்டவனை நெடுஞ்சாலை ஓட்டலில் 'டிரைவர்' என்று அழைத்தார்கள். எந்தத் தெரு என்று கேட்காமல் இலை போட்டார்கள். ஆனால் சரக்கு வாகன உரிமத்துக்கு 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. ஐந்தாவதோடு நின்றவர்கள், வண்டி ஓட்டத் தெரிந்தும் பல வருடம் கிளீனராகவே காலம் தள்ளினார்கள். 2019-ல்தான் அந்த விதி நீக்கப்பட்டது.

என் பெரியப்பா மகன் அப்படிக் கிளீனராக இருந்து டிரைவரானவர். பிறகு ஒரு பழைய பத்துச் சக்கர லாரியை ஃபைனான்ஸில் வாங்கினார். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயரைப் பார்க்கத் தெருவே கூடியது. தவணை மாதம் தவறாமல் வந்தது. லோடு அப்படி வரவில்லை. புறவழிச்சாலையில் மூன்று நாள், நான்கு நாள் வண்டி நிற்கும். அவருக்குப் பின்னால் வந்த வண்டிகள் லோடு ஏற்றிக்கொண்டு போகும். கேட்டால், "பார்ட்டி பழக்கமான வண்டியைத்தான் கேட்கிறார்" என்பார்கள். இரண்டாம் வருடம் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் மறுபடியும் அடுத்தவர் லாரிக்கு டிரைவர்.

அந்தப் 'பழக்கம்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. எந்த வண்டிக்கு எந்த லோடு, முன்பணம் எவ்வளவு, மீதி வாடகை எப்போது, வண்டி காத்துக் கிடந்தால் ஹால்டிங் உண்டா, எல்லாம் வாய்ப்பேச்சில் முடிகின்றன. யாரும் சாதி கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் நம்மூரில் பழக்கம் பெரும்பாலும் உறவு வழியாக வருகிறது. உறவு சாதிக்குள் நிற்கிறது. ஸ்டீயரிங் வரை வந்துவிட்ட நாம், புக்கிங் மேசைக்கு இந்தப் பக்கமே நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2007-ன் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் புக்கிங் நிறுவனம், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரையும் ஒரே வரையறைக்குள் வைத்து, பதிவு செய்யச் சொல்கிறது. அவர்கள் எல்லோருடைய சரக்கையும் பாகுபாடின்றி ஏற்பவர்கள் என்று அந்த வரையறையிலேயே இருக்கிறது. பாகுபாடு கூடாது என்பது சரக்கு அனுப்புகிறவருக்காக. அதைச் சுமக்கும் லாரிக்காரருக்கு அப்படி ஒரு சொல் அந்த வரையறையில் இல்லை.

டிரைவரின் நேரமும் இதே கதைதான். டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்ற திருத்தம் 1946-ல் வந்தது. மோட்டார் தொழிலாளிக்கு அதே கணக்கு, நாளுக்கு 8 மணி நேரம் என்று, 1961-ல் தனிச் சட்டமாக வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களை அது தொடவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் ஓட்டுகிறவர் அப்போதே வெளியில் நின்றுவிட்டார். திருப்பூரிலிருந்து தூத்துக்குடி 350 கிலோமீட்டருக்குள். சரக்கோடு வரும் இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு இரண்டு நாள் அவகாசம் தருகிறது. செல்போனில் வரும் குரல் ஒரு ராத்திரிதான் தருகிறது. கப்பலுக்குக் கன்டெய்னரை உள்ளே விடும் நேரம் முடிந்துவிடுமாம்.

அதிக பாரம் ஏற்றச் சொல்கிறவரும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி அதற்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இரண்டு டன் கூடினால் 24,000. மிகை பாரத்தை இறக்கும் செலவு தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் அனுமதித்தவரும் பொறுப்பு என்று அதே பிரிவு சொல்கிறது. எடைமேடைச் சீட்டை டிரைவர்கள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பில்டியில் எழுதிய எடைக்கும் மேடை காட்டிய எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னால் பேசும்.

கடன் திட்டம் என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வண்டிதான். வண்டி மட்டும் வாங்கினால் அண்ணனின் கதை திரும்பும். 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. உற்பத்தியோடு வணிகமும் சேவைத் தொழிலும் இதில் அடக்கம். பில்டி எழுதவும், இ-வே பில் எடுக்கவும், ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கவும் தெரிந்த பி.காம். பட்டதாரிகள் இன்று எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு புக்கிங் ஆபீஸ் வைக்கலாம் என்று இதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

அந்தப் பெரியப்பா மகனின் பையன் அவர்களில் ஒருவன். இரண்டு வருடமாக ஒரு புக்கிங் ஆபீஸில் பில்டி எழுதுகிறான். எந்த வண்டிக்கு முதலில் போன் போகிறது, எதற்குப் போவதில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிறான். போன வாரம், "சித்தப்பா, சொந்தமா ஒரு மேசை போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். திங்கட்கிழமை இருவரும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறோம். அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு லோடு கிடைக்காவிட்டால்.